பெயரில்லாத பக்கங்களைப் படித்த குரல்

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மாமியாருக்கு வெந்நீர் வைத்தேன். அது கொதிப்பதற்குள் வசந்தாவின் போன் வந்தது. “சகுந்தலாக்கா போய்ட்டாங்கமே. தூக்கத்துலயே.” அடுப்பை அணைக்கத் தோன்றாமல் நின்றேன். பாத்திரத்தில் தண்ணீர் வற்றிப்போனது.

அரக்கோணம் நிலையத்தில் வண்டிகளின் வருகையை அறிவித்துக்கொண்டிருந்தவர் அக்கா. ஓய்வு பெற்ற பின், முகூர்த்தமில்லாத ஞாயிறுகளில் மலையடிவாரக் கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடத்தில், எழுதும் பெண்கள் நம்மையெல்லாம் கூட்டினார். எழுதியதைப் பெயர் போடாமல் அவரிடம் கொடுப்போம். அவர் படிப்பார். எழுதியது யார் என்று அவருக்கு மட்டுமே தெரியும். துக்கத்தையும் ரயில் தாமதத்தையும் ஒரே குரலில்தான் சொல்வார். “அழுவறது கேக்கறவங்க வேல. என் வேல படிக்கறது” என்பார்.

அப்படி அவர் படித்த ஒரு பக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். படியில் கணவனின் செருப்புச் சத்தம் கேட்டாலே பிள்ளைகளின் வாயைப் பொத்தும் ஒருத்தி. அவன் இறந்த அன்று, இனி அந்தச் சத்தம் வராது என்று புரிந்ததும், உடல் கூடத்தில் கிடக்க, உள்ளே போய்த் தூங்கிவிடுகிறாள்.

“யாரு மே இவ, புருசன் செத்த வீட்ல தூங்கனவ?” என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள். சிரிப்பு எழுந்தது.

“ஏன், உன்ன கேட்டுகினுதான் தூங்கணுமா? கம்முனு இரு, அடுத்தது படிக்கறேன்” என்றார் அக்கா.

அக்காவும் கணவரை இழந்தவர். அதனால் அக்காவின் சாவு வீட்டில் பேச்சு இப்படித் திரும்பியிருந்தது: “இவங்கதானே புருசன் செத்தன்னிக்கி நிம்மதியா தூங்கனவங்க?” அது அவர் மகன் முரளியின் காதில் விழுந்துவிட்டது. என்னிடம் வந்தான். “நெசமாக்கா? எங்கப்பா அவ்ளோ கெட்டவராக்கா?”

என் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “அப்புறம் பேசலாம்பா” என்றேன்.

முரளி, அந்தப் பக்கம் உன் அம்மா எழுதியது அல்ல. நான் எழுதியது. உன் அப்பாவைப் பற்றிக் குறையாக ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

அந்தப் பக்கத்தைப் படித்த அன்று, கூட்டம் முடிந்து டம்ளர்களைக் கழுவும்போது, “அடுத்த தபா நீயே படியேன்” என்றார் அக்கா.

“செத்தாலும் முடியாதுக்கா.”

“சரி வுடு. எனக்குத் தொண்ட இருக்கற வரிக்கும் படிக்கறேன்.”

அந்தத் தொண்டை இப்போது இல்லை. என்னை முழுதாக அறிந்திருந்தவர் அவர் ஒருவர்தான். இனி ஊர் நினைத்துக்கொண்டிருப்பவளாக மட்டுமே இருந்து மிச்ச நாட்களைக் கழிக்க மனமில்லை.

படிப்பதற்கு முன் ஒரு வாய் தண்ணீர் குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைப்பார். அவரிடமிருந்து அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இரங்கல் கூட்டத்துக்கு இதை எழுதித் தரச் சொன்னார்கள். வழக்கம்போல் பெயர் வேண்டாம், வசந்தா படிப்பாள் என்றார்கள். முன்வரிசையில் முரளி இருப்பான். தான் பெற்ற மகனைப் பற்றித்தான் கேட்கப்போகிறோம் என்று தெரியாமல் என் மாமியாரும் இருப்பார். எனக்குத் தைரியம் வந்துவிடவில்லை. படிக்க அக்கா இல்லை, அவ்வளவுதான். தாளை வசந்தாவிடம் கொடுக்க மாட்டேன். என் பெயரைச் சொல்லி நானே படிப்பேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.