அண்ணன் அட்டையில் பறந்தேன்

திருத்தணியில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவன் நான். அடையாள அட்டையைப் பார்க்காமல் என் அப்பனே வந்தாலும் அறைச் சாவி தரமாட்டேன். மலைக்குப் போகும்போது சுருட்டை முடியும் மீசையுமாகப் போகிறவன், இறங்கி வரும்போது சந்தனம் பூசிய மண்டையோடு வருவான். அவர்களில் எவன் அறை எடுத்தவன், எவன் எடுக்காதவன் என்று பிரித்தறிவதுதான் என் பிழைப்பு. "மொட்ட அடிச்சா எல்லாரும் ஒண்ணாத்தான் சார் கீறோம், வுட்ரு" என்பார்கள். விடமாட்டேன்.

புனேயில் இருக்கும் என் மகளுக்குப் பிரசவத்தில் சிக்கல், நாளை பிற்பகல் மூன்று மணிக்கு ஆபரேஷன் என்று தகவல் வந்தது. மருமகன் கப்பல் வேலையில் நடுக்கடலில் இருந்தான். அவள் அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. "உள்ள கூட்டினு போறதுக்குள்ள நீ வந்துடுப்பா" என்று போனில் அழுதாள். மறுநாள் பதினோரு மணி விமானத்துக்கு டிக்கெட் போட்டேன். என் பெரியப்பா மகன், "கொழந்தைக்காக வேண்டிக்கினு ரெண்டு பேரும் மொட்ட போட்டுடலாம், வாடா" என்று விடியும் முன்னே இழுத்துக்கொண்டு போனார்.

எங்கள் குடும்பத்தில் தாத்தாவின் பெயரைத்தான் ஒவ்வொரு வீட்டு மூத்த பையனுக்கும் வைப்பார்கள். ஆகவே அந்த அண்ணனுக்கும் எனக்கும் ஒரே பெயர், இனிஷியலும் ஒன்றுதான். தலையும் மீசையும் மழித்துக் குளத்தில் முழுகும்போது இருவர் சட்டையும் போனும் அட்டையும் ஒரே மஞ்சப்பையில் இருந்தன. கிளம்பும் அவசரத்தில் பெயரை மட்டும் பார்த்து ஓர் அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஊரையே சந்தேகப்படுகிறவன் என் கையைச் சந்தேகப்படவில்லை.

விமான நிலைய வாசலில் காவலர் என் அட்டையையும், லாட்ஜ் பிரிண்டரில் நானே அச்சடித்து வந்த போர்டிங் பாஸையும் வாங்கினார். இரண்டிலும் பெயரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. ஓர் அறை கொடுக்கவே நான் இதைவிட உற்றுப் பார்ப்பேன். சோதனையெல்லாம் முடிந்து உள்ளே உட்கார்ந்தபோது அண்ணன் போன் செய்தார்.

"டேய், உன் கார்டு இங்க கீதுடா! நீ இன்னாத்தக் காட்டி உள்ள போன?"

எடுத்துப் பார்த்தேன். அட்டையில் அண்ணன் முகம். போய்ச் சொன்னால் விமானம் கிளம்பிவிடும், மகள் தனியாகக் கிடப்பாள். சொல்லாவிட்டால், இத்தனை வருடம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எவனைத் தேடினேனோ அவன் நானேதான். வாயை மூடிக்கொண்டேன். கடைசி வாசலில் பாஸை மெஷினில் காட்டச் சொன்னார்கள். பீப் என்றது, போ என்றார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு மனிதர் வாயைத் திறந்து தூங்கினார். அவர் பாஸில் இருக்கும் பெயர் அவருடையதுதானா? அவருக்கு முன்னால் இருப்பவர் யார்? புனே வரைக்கும் ஒருவரையும் நான் நம்பவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு நின்ற பெண் அட்டையை என் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அண்ணனுக்கு மோவாயில் பெரிய மச்சம் உண்டு. "இது நீ இல்லை" என்று இந்தியில் சொல்லி வழியை மறித்தாள். அவளைக் கும்பிடுவதா திட்டுவதா என்று தெரியவில்லை. ஆபரேஷனுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். கடைசியில் என் போனிலேயே மகளை வீடியோவில் கூப்பிடச் சொல்லி, அதை வாங்கி என் மூஞ்சிக்கு நேரே பிடித்து, "இவர் யார்?" என்று கேட்டாள்.

மகள் உற்றுப் பார்த்தாள். மீசை இல்லாத என்னை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"அம்மாடி, நான்தாம்மா" என்றேன்.

"அய்யோ அப்பா, இன்னாப்பா இது கோலம்!" என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். காவலுக்கு நின்றவளுக்குத் தமிழ் தெரியாது. அட்டையை என் கையில் திருப்பிக் கொடுத்து, விலகி நின்றாள்.