கடலில் போடாத தாள்

வன்னியேந்தலில் பஞ்சம்மாளைப் பற்றி ஒரு சமயத்தில் ஒரு கருத்துதான் இருக்கும். அந்தக் கருத்து மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறும்.

1997-இல் பரமக்குடியில் 'பொன்மலர் நிதி' என்ற கம்பெனி ஊர்ப் பெண்கள் பதினாலு பேரின் சீட்டுப் பணத்தோடு ஷட்டரை இறக்கியபோது, ராமநாதபுரம் நுகர்வோர் கோர்ட்டுக்குப் பஸ் ஏறியவள் அவள் ஒருத்திதான். எட்டாவது வரை படித்தவள். எட்டாவது வரை என்றால், எட்டாவதின் வாசல் வரை. "பொம்பளைக்கு எதுக்குக் கோர்ட்டு?" என்பது அப்போது ஊர்க் கருத்து. மூன்று வருஷம் அலைந்து முக்கால்வாசிப் பணத்தை வாங்கி வந்தாள். உடனே கருத்து மாறியது. அந்த வருஷம் முதல் பறிப்பு மிளகாயை அவள் வீட்டு வாசலில்தான் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு சேவலும் வந்தது. அந்தச் சேவலின் சொந்தக்காரர் மறுநாள் வந்து, தவறுதலாக வந்துவிட்டது என்று தூக்கிப் போனார்.

அதோடு அவள் சும்மா இருந்திருக்கலாம். குடும்ப உதவித்தொகையைக் கையில் எடுத்தாள்.

சம்பாதிக்கிற ஆள் செத்தால் குடும்பத்துக்கு அரசாங்கம் ஒரு தொகை கொடுக்கும். அதுவரை தலையாரி சொன்னாலே போதும் என்றிருந்தது. பிறகு விதி மாறியது. செத்தவரின் வயதுக்குச் சான்று வேண்டும், அவர் பேர் உள்ள அட்டை வேண்டும் என்றார்கள். வன்னியேந்தலில் அது நடக்காத காரியம். அங்கே பதினாறாம் நாள் கருமாதிக்குச் சேதுக்கரை போகும்போது செத்தவரின் துணிமணியோடு, அவர் பேர் எழுதிய, அவர் கைநாட்டு வைத்த ஒவ்வொரு தாளையும் ஒரு மஞ்சப்பையில் கல்லைப் போட்டுக் கட்டிக் கடலில் விட்டுவிடுவார்கள். ஒரு தாள் கரையில் நின்றாலும் ஆள் அதைத் தேடித் திரும்பி வந்துவிடுவாராம். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, பள்ளிச் சான்று எல்லாம் மீனுக்குப் போனது. தாலுகா ஆபீசில் கேட்டால் மீனைக் கூப்பிட்டா காட்ட முடியும்?

பஞ்சம்மாளின் புருஷன் மலையாண்டி 86-இல் போனபோதும் அப்படித்தான். ஒரு போட்டோகூட மிச்சமில்லை. இப்போது கண்ணை மூடினால் அவன் மூக்கு ஞாபகம் வருகிறது, வாய் வருவதில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆம்பளைகள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் தாள்களைத் திருப்புல்லாணியில் சலாஹுதீன் கடையில் நகல் எடுத்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொள்வது. அசல் கடலுக்குப் போகட்டும், நகல் கரையில் இருக்கட்டும்.

வீடு வீடாகப் போனாள். "நல்லாருக்கும்போதே எனக்குப் பாடை கட்டுறியா?" என்று சோணைமுத்து கதவைச் சாத்தினார். ஊரில் பெரிய தலை அவர். அவர் சாத்தியதும் தெருவே சாத்தியது. வேல்சாமி மட்டும்தான் சிரித்துக்கொண்டே அட்டையை எடுத்துக் கொடுத்தான்.

"கொண்டு போக்கா. ராக்கு கையில நாலு காசு வரும்னா நாளைக்கே வேணாலும் போறேன்."

"வாயைக் கழுவுய்யா" என்றாள் அவன் பொண்டாட்டி ராக்கு.

அது தை மாசம். பங்குனியில், களத்தில் காயப்போட்ட மிளகாயைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த வேல்சாமி, கொஞ்சம் உட்காருவோம் என்று நடுக்களத்தில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. சுற்றிலும் சிவப்பு, நடுவில் வெள்ளை வேட்டி. நாற்பத்தொரு வயது. இரண்டு பெண் பிள்ளைகள்.

கருத்து மறுபடி மாறியது. "அந்த மிசினு வெளிச்சத்துல உசுரை உருவுறா" என்றார்கள். சலாஹுதீன் தலையில் அடித்துக்கொண்டான். "பஞ்சம்மாக்கா, அந்த மிசினு என் கல்யாணப் பத்திரிகையையே ஒழுங்கா எடுக்கல. அதுவா உசுரை எடுக்கும்?"

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கருமாதி முடிந்த நாலாம் நாள், உச்சி வெயிலில், பஞ்சம்மாள் முற்றத்தில் ஈரக் கால்தடம் இருந்தது.

சித்திரை மாசம். குடிக்கிற தண்ணீருக்கே மூன்று மைல் நடக்கிற ஊர். கண்மாய் பிளந்து கிடந்தது. அந்த முற்றத்தில் ஆறு தடம், தெருப் படல் கதவிலிருந்து டிரங்குப் பெட்டி இருந்த அறை வாசல் வரை. வந்த தடம்தான் இருந்தது, போன தடம் இல்லை. பஞ்சம்மாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. கடல் அங்கிருந்து எட்டு மைல்.

'உப்புத் தரை, வேர்க்கிறது' என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மறுநாளும் உச்சிக்கு அதே ஆறு தடம். தரை வேர்த்தால் இத்தனை கணக்காகவா வேர்க்கும்? மூன்றாம் நாள் அடுத்த வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். அதன்பிறகு ஊருக்கு யாரும் தண்டோரா போட வேண்டியிருக்கவில்லை.

அய்யனார் கோவில் முன்னால் கூட்டம் போட்டார்கள்.

"அவன் தாளு ஒண்ணு உன் பெட்டியில நிக்கிதுல்ல? அதான் அவனும் நிக்கிறான்" என்றார் சோணைமுத்து. "வார அமாவாசைக்குப் பெட்டியோட சேதுக்கரையில விட்டுரு தாயி."

"அமாவாசைக்கு மறுநாளுதான்ணே ஆர்.ஐ. விசாரணைக்கு வாராரு. அந்தத் தாளு இல்லாட்டி ராக்குக்கு ஒண்ணும் கிடைக்காது. நிலத்தை விட்டுட்டு ரெண்டு பிள்ளைகளையும் மில்லு வேலைக்குத்தான் அனுப்பணும்."

"செத்தவனை அலைய விட்டுட்டுத் திங்கிற சோறு செரிக்குமா?"

பஞ்சம்மாள் விதிக்கு விதி தேடித் தெரிந்துகொண்டவள்தான். இந்த விதி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. நேராக ராக்கு வீட்டுக்குப் போனாள்.

"உன் புருஷன். நீ சொல்றதுதான் முடிவு. போடச் சொன்னா நானே கொண்டுபோய்ப் போடுறேன்."

ராக்கு மறுநாள் உச்சிக்கு வந்து, முற்றத்து வேப்பமரத்தடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். காற்று இல்லை. காக்கை இல்லை. படல் அசையவில்லை. முதல் தடம் தரையில் கறுத்தது. பிறகு இரண்டாவது. யாரோ மெதுவாக, களைத்து, நடந்து வருகிற அளவில் ஒவ்வொன்றாக. நாலாவது தடத்தின் பக்கம் ராக்கு குனிந்தாள். இடது கால். சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் தரை காய்ந்தே இருந்தது. ஏர்க்கொழு வெட்டிய விரல் அது.

"மதினி, அவுகதான்" என்றாள்.

பிறகு தடத்தைப் பார்த்தே திட்ட ஆரம்பித்தாள். "நாலு காசுக்காகப் போறேன்னு சொன்ன வாயி எங்கய்யா? பெரியவளுக்குக் காய்ச்சலு, தெரியுமா? பம்புசெட்டுச் சாவியை எங்கன வச்சீக? ஊரெல்லாம் தேடிட்டேன்."

அன்று தடம் அறை வாசலுக்குப் போகவில்லை. ராக்குவின் பக்கத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு கால்களும் சேர்ந்து, உட்கார்ந்த ஆளின் தடம் போல. வெயில் சாயும்வரை அது காயவில்லை. பஞ்சம்மாள் அடுப்படிக்குள் போய், தேவையே இல்லாமல் ஒரு பாத்திரத்தை மூன்று தடவை தேய்த்தாள்.

அமாவாசையன்று முற்பகலில் சோணைமுத்து நாலு பேரோடு பெட்டியைத் தூக்க வந்தார். ராக்கு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி ராக்கு. அவனுக்குத்தான் நல்லது பண்றோம்."

"அவுகளுக்கு என்ன நல்லதுன்னு அவுக பொண்டாட்டிக்குத் தெரியாதா மாமா? தூக்குறதுன்னா என்னையும் சேத்துத் தூக்குங்க. சேதுக்கரை வரைக்கும் கனம் தாங்குவீகளா?"

தாங்குகிற ஆட்கள்தான் அந்த நாலு பேரும். ஆனால் அப்போது உச்சி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருவன் தன் காலடியைப் பார்த்தான், இன்னொருவன் படலைப் பார்த்தான். பம்புசெட்டு போட வேண்டும் என்று ஒருவனுக்கு ஞாபகம் வந்தது. கரண்டே இல்லாத நேரம் அது. சோணைமுத்து கடைசியாக, வேகமாக நடப்பது தெரியாத அளவுக்கு வேகமாக நடந்தார்.

மறுநாள் வருவாய் ஆய்வாளர், அதாவது ஆர்.ஐ., வந்தார். நகலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அசல் எங்கம்மா?"

"கடல்ல இருக்கு சார்" என்றாள் பஞ்சம்மாள்.

"நகலை வச்சு நான் என்ன பண்றது?"

"அதுல நம்பர் இருக்குல்ல சார். உங்க ரிஜிஸ்தர்லயும் அதே நம்பர் இருக்கணும். ஒப்பிட்டுப் பாத்துட்டு, தப்புன்னா தப்புன்னு எழுதிக் குடுங்க. நான் கோர்ட்டுக்குப் போயிக்கிறேன்."

கோர்ட்டு என்ற சொல்லை அவள் சொல்லும் விதத்திலேயே மூன்று வருஷப் பஸ் டிக்கெட் தெரிந்தது. அவர் ரிஜிஸ்தரைப் புரட்டினார். நம்பர் இருந்தது, வயது இருந்தது. கையெழுத்துப் போட்டார். போகும்போது, "தாள் ஏம்மா இவ்வளவு ஈரமா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு மாசத்தில் ராக்குக்கு உத்தரவு வந்தது. நிலம் தங்கியது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே இருந்தார்கள். அதன்பிறகும் நகலைக் கடலில் போடச் சொல்லி ராக்கு கேட்கவில்லை. உச்சிக்கு வருவாள், உட்காருவாள், ஊர் நியாயம் பேசுவாள், போவாள். முன்னைவிட முகம் தெளிந்திருந்தது. இதை ஊரும் பார்த்தது. பெண்களும் பார்த்தார்கள், முக்கியமாக ஆண்களும் பார்த்தார்கள்.

ஆடி மாசம் ஒரு நண்பகல் சோணைமுத்து தனியாக வந்தார். துண்டுக்குள்ளிருந்து ரேஷன் அட்டையை எடுத்தார்.

"எனக்கும் ஒண்ணு எடுத்து வையி."

"எனக்குப் பாடை கட்டுறியான்னு கேட்டீக?"

"அது அப்போ." துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் போயிட்டா எங்க வீட்டுக் கிழவி ராத்திரி விளக்கை அமத்த மாட்டா. பயப்படுவா. அப்பப்ப வந்து எட்டிப் பாத்துக்கலாம்ல." அட்டையை நீட்டி, "ரெண்டா எடுத்து வையி. ஒண்ணு நனைஞ்சு போச்சுன்னா?"

பஞ்சம்மாள் அட்டையை வாங்கிக்கொண்டாள். அவர் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள், வாயையும் சேர்த்து. அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்தார்.

"ஏந்தாயி, அவன் இப்ப இங்கன இருக்கானா?"

பஞ்சம்மாள் தரையைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே" என்றாள்.

சோணைமுத்து தள்ளி உட்கார்ந்தார்.