தெற்கு வரப்பும் உப்புக் கஞ்சியும்

எதையும் திறந்து பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. என் ஊர்தான் இதற்குக் காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தால் சிப்பிகளைத் திறக்காமலே குவியல் குவியலாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்பது விற்றவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது. அப்பா ஒரு தடவை பத்துப் பன்னிரண்டு சிப்பி வாங்கிவந்தார். பின்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கத்தியால் திறந்தோம். ஒன்றிலும் ஒன்றுமில்லை. மூன்று நாள் வீடு நாறியது, அம்மா திட்டித் தீர்த்தாள். அடுத்த சிப்பியில் இருந்திருக்குமோ என்ற நமைச்சல் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. வளர்ந்து பெண்கள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர் ஆனேன்.

அப்பா காலமான பிறகு எனக்கும் அண்ணனுக்கும் பொதுவாக மிஞ்சியது, தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து சாயர்புரம் போகும் வழியில் மூன்று ஏக்கர் கரிசல் காடு. அண்ணனுக்குத் தூத்துக்குடியில் கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை. எழுபதுகளின் நடுப்பகுதி அது. துறைமுக வேலை, உர ஆலை வேலை என்று லாரிகள் ஓயாமல் ஓடின. தார்ப்பாய்க்கு ஏகக் கிராக்கி. காட்டைத் திரும்பிப் பார்க்க அவருக்கு நேரம் ஏது?

என் வயதே இருக்கும் ஒருத்தி அதை வாரத்துக்குப் பயிரிட்டாள். விளைந்ததில் பாதி எங்களுக்கு, பாதி அவளுக்கு. அவள் புருஷன் வருஷத்தில் பாதிக்கு மேல் உப்பளத்தில் கிடப்பான். காடு முழுக்க அவள் பொறுப்பு. அண்ணன் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். பருத்தி மட்டும் போட வேண்டும், இடையில் பயறு கியறு எதுவும் கூடாது. பயறு என்றால் பச்சையிலேயே பறித்துத் தின்றுவிடுவாள், பங்கு ஒழுங்காக வராது என்பது அவருடைய சந்தேகம்.

ஆறேழு வருஷமாகப் பருத்திமேல் பருத்தி. செடி வருஷத்துக்கு வருஷம் குட்டையாகிக்கொண்டே வந்தது. அண்ணன் யூரியா மூட்டை அனுப்பிப் பார்த்தார். மழை தவறியதில் அதுவும் வீணாயிற்று. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே சொன்னார்.

"இந்தத் தடவையும் இப்படியே இருந்துச்சுன்னா, தை பொறந்ததும் ஆளை மாத்திருவேன். டிராக்டர் வச்சிருக்கவன் ஒருத்தன் கேக்கான்."

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு அந்தக் காட்டை விட்டால் வேறு காடு கிடையாது. அவளும் உப்பளத்தில் போய் வெயிலில் கால் வெடிக்க நிற்க வேண்டியதுதான்.

"மண்ணைக் குத்தம் சொல்லுங்க அண்ணே, அவளைச் சொல்லாதீங்க. ஒரே பயிரையே போட்டா மண்ணு என்ன செய்யும்? ஒரு வருஷம் உளுந்து போட்டுப் பாப்போம்."

"ஏளா, இது என்ன உன் பள்ளிக்கூடமா, பாடம் நடத்துததுக்கு?" என்றார். ஆனாலும் ஒரு வருஷம் விட்டார்.

பயறு வகைகளின் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதற்குள் பாக்டீரியா குடியிருக்கும். செடி அதற்குச் சோறு போடும். அது காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கிக் கொடுக்கும். வேர் மக்கியதும் மிச்சம் மண்ணுக்கு. அடுத்து வரும் பருத்தி அதைத் தின்னும். கரும்பலகையில் வருஷா வருஷம் இதைப் படமாக வரைந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், உயிரோடு ஒரு முடிச்சைக்கூட அதுவரை நான் பார்த்ததில்லை.

அந்த பாக்டீரியாவைப் பொட்டலத்தில் அடைத்து வேளாண்மை அலுவலகத்தில் கொடுத்தார்கள். கரித்தூள் மாதிரி கறுப்பாக இருந்தது. ஆறின அரிசிக் கஞ்சியில் கலக்கி, விதைமேல் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். ஐப்பசியில் முதல் மழை பெய்ததும் விடியற்காலையில் எழுந்து கஞ்சி காய்ச்சினேன். தூக்குவாளியில் ஊற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நான் ஊற்ற ஊற்ற அவள் விதையைப் புரட்டினாள். கை கறுத்துப்போனது.

"கண்ணுக்குத் தெரியாத பூச்சியா டீச்சர் இதுக்குள்ள இருக்கு? கடிக்காதே?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

முப்பத்தைந்து நாள் எப்படித்தான் பொறுத்தேனோ. கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை பிளேடும் கையுமாகப் போய் நடுக்காட்டில் ஒரு செடியைப் பறித்து வேரைக் கழுவினேன். ஒன்றுமில்லை. இன்னொன்று பறித்தேன். கடுகளவில் இரண்டு மூன்று, வெளுத்துப்போய். நறுக்கினால் உள்ளேயும் வெளுப்பு. வேலை செய்யாத முடிச்சு. செடிகளும் சோகை பிடித்தவைபோல மஞ்சளாக நின்றன. பத்திருபது செடியைப் பிடுங்கியிருப்பேன். எனக்கு அப்பாவின் சிப்பிகள் ஞாபகம் வந்துவிட்டது.

தெற்கு வரப்பை ஒட்டிப் போனபோதுதான் நின்றேன். அங்கே நாலைந்து உழவுச் சால் அகலத்துக்குச் செடி கரும்பச்சையாக இருந்தது. மண்ணே வேறு மாதிரி, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒன்றைப் பறித்தேன். வேர் முழுக்க முடிச்சு! ஒன்றை நறுக்கினேன், உள்ளே இளஞ்சிவப்பு, ரத்தம் கலந்த மாதிரி. நகத்தில் ஒட்டியது. வரப்பில் உட்கார்ந்து பைத்தியம்போலச் சிரித்தேன்.

அடுத்த நாள் அண்ணனை ஸ்கூட்டரில் இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் இடுப்பில் கைவைத்துக் காட்டை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மருந்து நல்ல மருந்துதான். தெக்க பாரு, எப்படி நிக்குன்னு. மிச்சக் காட்டுல அவ ஏனோதானோன்னு வெதைச்சிருக்கா. நான் அப்பமே சொன்னேம்லா, ஆளை மாத்தணும்னு."

நான் இல்லை என்று சொல்லவில்லை. என் பொட்டலம் ஜெயித்துவிட்டது என்ற பெருமையில் தலையைக்கூட ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அதற்கடுத்த சனிக்கிழமை மத்தியானம் அவளும் நானும் வரப்பில் உட்கார்ந்தோம். வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுபோயிருந்தேன். ஆளுக்குப் பாதி ஊற்றினேன். ஒரு வாய் குடித்ததும் எனக்குத் திக்கென்றது. உப்பு கணக்காக இருந்தது. காலையில் உப்புப் போட்ட ஞாபகம் எனக்குத் துளிகூட இல்லை. எங்கள் வீடுகளில் அடுப்புக்குப் பக்கத்தில் உப்புப் பானை திறந்தே இருக்கும். கஞ்சி கொதித்தால் கை தானாகப் போய்க் கல்லுப்பை அள்ளிப் போடும். மனசுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

"ஏளா, வெதைக்கக் கொண்டு வந்தேன்லா ஒரு கஞ்சி, அதுல உப்பு இருந்திருக்குமோ?"

"இருந்துச்சே! கலக்குனது போக மிச்சக் கஞ்சிய நாந்தான குடிச்சேன். உப்பு சரியா இருந்துச்சு. டீச்சருக்குக் கைப்பக்குவம் உண்டுன்னு நினைச்சேன்."

உயிருள்ள பாக்டீரியாவை உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டி விதைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கருவாடு ஏன் கெடுவதில்லை என்று பாடம் நடத்துகிறவள்!

சரி, பொட்டலம் செத்துவிட்டது. தெற்கு வரப்பில் இருப்பது அப்படியானால் யார்? அதைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. கஞ்சியைக் கீழே வைத்தாள்.

"அண்ணாச்சிட்ட சொல்லிராதிய டீச்சர். காட்டை விட்டு எறக்கிருவாவ."

வருஷா வருஷம் அந்தப் பக்கத்துப் பருத்திக்கு நடுவில் தட்டாம்பயறு ஊன்றியிருக்கிறாள். பிள்ளைகளுக்குக் குழம்புக்கு. வரப்பில் உடைமரம் அடர்ந்திருப்பதால் சாலையிலிருந்து பார்த்தால் தெரியாது. பருத்தி வெடிப்பதற்குள் கொடியை அரிவாளால் தரையோடு அறுத்து ஆட்டுக்குப் போட்டுவிடுவாள்.

"பிடுங்க மாட்டியா?"

"காஞ்ச கரிசல்ல எங்கன பிடுங்க? கைத்தோலுல்லா பேந்துரும்."

ஆக வேரும் முடிச்சும் வருஷா வருஷம் மண்ணிலேயே தங்கியிருக்கின்றன. தட்டாம்பயறுக்கு வேலை செய்யும் பாக்டீரியாதான் உளுந்துக்கும் வேலை செய்யும். நான் பஸ்ஸில் சுமந்துவந்ததை அவள் ஆறு வருஷமாக ஒளித்து வளர்த்திருக்கிறாள்.

என் சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது. சொன்னால் திருட்டுப் பயறு வெளியே வரும். சொல்லாவிட்டால் ஏனோதானோ என்று விதைத்தவள் என்ற பழியோடு தையில் வெளியே போவாள். என் ஊகம் தப்பாக இருந்தால் இரண்டும் சேர்ந்து அவள் தலையில் விழும். உப்புதான் கொன்றதா, பஸ்ஸின் சூடு கொன்றதா, எனக்கே நிச்சயமில்லை. அதனால் மூன்று பால்டின்களை எடுத்தேன். இரண்டில் நடுக்காட்டு மண்; ஒன்றுக்கு உப்பில்லாத கஞ்சியில் புதுப் பொட்டலம் கலந்த விதை, மற்றதற்கு உப்புக் கஞ்சி விதை. மூன்றாவதில் தெற்கு வரப்பு மண்ணும் வெறும் விதையும். மார்கழி முழுக்கப் பின்கட்டில் காவல் காத்தேன். தோண்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் திறக்காமல் பொறுத்தேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் மூன்று டின்னையும் அண்ணன் கடைக்குக் கொண்டுபோய், தார்ப்பாய்மேல் கவிழ்த்தேன். "ஏளா, சரக்கு!" என்று கத்தினார். நான் கேட்கவில்லை. வாளித் தண்ணீரில் வேர்களைக் கழுவி வரிசையாக வைத்தேன். உப்பில்லாததில் முடிச்சு ஓரளவு இருந்தது. உப்புப் போட்டதில் ஒன்றிரண்டு. தெற்கு வரப்பு மண்ணில் வளர்ந்த வேரில் எண்ண முடியவில்லை.

"கெடுத்தது நான் அண்ணே. கஞ்சியில உப்புப் போட்டுட்டேன். இது மருந்தே இல்லாம வந்தது. அவ போட்ட தட்டாம்பயறுல வந்தது."

அவர் அந்த வேரைத் தூக்கிப் பார்த்தார். "எங்கிட்ட கேக்காம பயறு போட்டிருக்கா," என்றார்.

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்."

என் கையிலிருந்த பிளேடை வாங்கினார். ஒரு முடிச்சை அவரே நறுக்கி, நகத்தில் ஒட்டிய சிவப்பை வேட்டியில் துடைத்துப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். என்ன முடிவு செய்தார் என்று கேட்கவும் எனக்குப் பயம். பின்னால் ஏறிக்கொண்டேன்.

நாங்கள் போனபோது அவள் தெற்கு வரப்பில், அந்த வருஷமும் உடைமரத்தடியில் ஊன்றியிருந்த தட்டாம்பயறைப் பறித்துக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டுத் திரும்பியவள், எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். சொல்லிவிட்டீர்களா என்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தாளே, அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை. மடியைப் பிடித்திருந்த கை தளர்ந்து நெற்றெல்லாம் கீழே கொட்டின. அண்ணன் குனிந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவள் மடியில் போட்டார்.

"காடு முழுக்க விதைக்க இது காணாதே ஏளா," என்றார். "இன்னும் வச்சிருக்கியா?"

அவள் அழுதுவிட்டாள். நானும்தான்.

அடுத்த ஐப்பசியில் பருத்திக்கு நடுவே சாலுக்குச் சால் பயறு போட்டோம். பொட்டலமும் வாங்கினேன், ஆசை விடவில்லை. கஞ்சியை மட்டும் அவள் வீட்டில் காய்ச்சினோம். நான் அடுப்படிக்குள் நுழைந்ததும் அவள் உப்புப் பானையைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்தாள்.