பசியைக் கேட்டு ஜெபித்தேன்

சென்ற ஆண்டின் நடுவில் எனக்குப் பசி நின்றுபோனது. மூன்று மாதத்தில் பதினொரு கிலோ குறைந்தேன். சபையார் அதைப் பார்த்து ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன் நான் யார் என்று சொல்ல வேண்டும். என் பெயர் அனோஜன், வயது இருபத்தாறு. கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம். அப்பா இல்லை. கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் மென்பொருள் வேலை. சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் பாடல் நடத்துகிறவன் நான்தான். எதற்கும் முதலில் கை உயர்த்துகிற ஆள். ஒரு பாட்டுப் பழகி முடியுமுன் அடுத்த பாட்டுக்குத் தாவுவேன். முகாமா, நாடகமா, தமிழிலிருந்து சிங்களத்துக்கு மொழிபெயர்ப்பா, என்னிடம் வாருங்கள்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் ஒன்றுமே வேண்டாம் என்று ஆனது.

ஒரு நாளில் வரவில்லை. முதலில் தூக்கம் கெட்டது. விடியுமுன்னே விழிப்பு வரும், நெஞ்சில் கல் வைத்தது போல இருக்கும். பிறகு பாட்டு ருசிக்கவில்லை, நண்பர்களின் பகிடி ருசிக்கவில்லை, கடைசியில் சோறும் ருசிக்கவில்லை. பஸ்ஸில் போகும்போது கட்டடங்களுக்கு நடுவே கடல் தெரியும் இடங்களில் முன்பெல்லாம் எட்டிப் பார்ப்பேன். அதையும் விட்டுவிட்டேன். எனக்கு ஏக்கம் இருந்தது. ஆனால் ஒரு பொருள்மேலோ ஒரு ஆள்மேலோ இல்லை. ஏதாவது ஒன்றுக்கு ஆசைப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஜெபத்தில் முழந்தாளிட்டால் முன்பு நெஞ்சு சூடாகுமே, அந்தச் சூட்டுக்காகத் தவித்தேன். ஆண்டவர் அடுத்த அறையில் இருக்கிறார், கதவு மட்டும் திறக்கவில்லை என்று தோன்றும்.

அந்த நேரம் பார்த்து சபையில் இருபத்தொரு நாள் உபவாசம் வைத்தார்கள். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு: யார் எந்த வேளையை விடுகிறார்கள் என்று பெயர் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் ஒருவர் ஒரு வேளைக்குக் கொடுப்பார். நான் இருபத்தொரு நாளும் காலைக்கும் மதியத்துக்கும் கொடுத்தேன். எப்படியும் சாப்பிட முடியவில்லை, அதற்கு ஒரு நல்ல பெயராவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த பிழை. நோய்க்கு உபவாசம் என்று பெயர் வைத்தேன்.

இருபத்தொரு நாள் முடிந்தும் நான் முடிக்கவில்லை. பாஸ்டர் என்னை மேடைக்கு அழைத்து, இந்த வாலிபனின் வாஞ்சையைப் பாருங்கள் என்றார். நான் அழுதேன். ஆவியின் அபிஷேகம் என்று பின்வரிசையில் சொன்னார்கள். என் கன்னத்தில் வழிந்தது வெறும் தண்ணீர் என்பது எனக்கு மட்டும் தெரியும். அம்மாவிடம் சாப்பாடு வேண்டாம் என்றால், உபவாசமோ மோனே என்று கேட்டுவிட்டுப் பாத்திரத்தை மூடிவிடுவா. எல்லோரும் கும்பிடுகிற ஒரு இடத்தில் நான் மறைந்துகொண்டேன். அங்கே யாரும் தேடி வரமாட்டார்கள்.

ஓகஸ்ட் மாதம் ஒரு புதிய எண்ணம் வந்தது. நான் இல்லாமல் போனால் ஒருவருக்கும் நட்டமில்லை என்ற எண்ணம். அது பயங்கரமாக வரவில்லை, மிகவும் சாதாரணமாக வந்தது. அதுதான் பயம். அன்று காலை அலுவலகக் கழிப்பறையில் நின்று, நீண்ட நாளைக்குப் பிறகு உண்மையாக ஜெபித்தேன். ஆண்டவரே, எனக்கு ஆவியின் வரம் வேண்டாம், ஊழியம் வேண்டாம். எனக்குப் பசியைத் தாரும். அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை வாலிபருக்கு ஒரு நாள் உபவாச ஜெபம். எங்கள் கீபோர்ட்காரன் டிரோன் எனக்குப் பக்கத்தில் இருந்தான். உபவாசத்துக்குக் கொஞ்சமும் லாயக்கில்லாத ஆள். பத்து மணிக்கே மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்குவான். அன்றும் கண்ணை மூடிக்கொண்டே என்னிடம் கிசுகிசுத்தான்: "மச்சான், பாஸ்டர் பரலோகத்தைப் பற்றிச் சொல்லுறார். எனக்கு மீன் வச்ச மாலு பாண்தான் தெரியுது."

நான் சிரிக்கவில்லை. முன்பென்றால் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடியிருப்பேன். கூட்டம் முடிந்து எல்லோரும் பாணுக்கும் பருப்புக்கும் சம்பலுக்கும் பாய்ந்தார்கள். நான் தட்டை வாங்கி ஓரமாக வைத்தேன். டிரோன் வாய் நிறையப் பாணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மென்று விழுங்கிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னான்.

"டேய், உபவாசம் எண்டா பசிக்கோணும். பசியைத்தானே ஆண்டவருக்குக் குடுக்கிறம். உனக்குப் பசிக்கவே இல்லையே. நீ என்னத்தைக் குடுக்கிறாய்?"

நான் என் தட்டை அவன் பக்கம் தள்ளினேன்.

"உனக்குச் சுகமில்லை மச்சான். திங்கக்கிழமை லீவு போடு. டொக்டரிட்டப் போவம், நான் வாறன்."

இதுதான் என் ஜெபத்துக்கு வந்த முதல் பதில் என்று நான் விசுவாசிக்கிறேன். சத்தமோ வெளிச்சமோ இல்லை. வாயோரத்தில் சம்பல் ஒட்டிய ஒருவன் சொன்னான். அங்கேயே அவனிடம் அந்த எண்ணத்தைப் பற்றியும் சொன்னேன். அவன் பகிடி விடவில்லை. திங்கள் வரை என்னைத் தனியே விடவும் இல்லை. வெள்ளவத்தைக்கு என்னோடு வந்து, எங்கள் வீட்டு சோபாவில் படுத்தான்.

திங்கள் காலை கிளினிக்கில் என்னைப் பார்த்த டொக்டர் ஒரு முஸ்லிம் அம்மா. டிரோனை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு நிறையக் கேட்டார். தூக்கம், சாப்பாடு, வேலையில் மனம் ஊன்றுகிறதா, எத்தனை கிழமையாக இப்படி. பிறகு குரலை மாற்றாமலே, "மகன், செத்துப் போகணும் எண்டு நெனப்பு வருதா?" என்றார். அப்படி நேராக ஒருவர் கேட்டது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஓம், வருது என்றேன்.

இது மனச்சோர்வு நோய், உங்கள் குணமோ பலவீனமோ இல்லை என்றார். இப்படி உடம்பும் இளைக்கிறதற்கு வேறு வியாதியும் காரணமாக இருக்கலாம் என்று தைரோயிட்டுக்கு இரத்தம் எடுக்கச் சொன்னார். ஒரே காரணம் என்று தேடாதீர்கள், குடும்பத்தில் வருவதும் உண்டு, இழப்பும் களைப்பும் தூக்கக் குறைவும் சேர்ந்து தள்ளுவதும் உண்டு என்றார். துக்கம் எல்லோருக்கும் வரும். ஆனால் இரண்டு கிழமைக்கு மேல், பதினாலு நாள் தாண்டியும், விடாமல் நின்று, சாப்பாட்டையும் தூக்கத்தையும் வேலையையும் தின்னத் தொடங்கினால் வைத்தியரிடம் வர வேண்டும், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் பொறுக்கக்கூடாது என்றார். அவர் மாத்திரை எழுதித் தந்தார். நான் தயங்கித் தயங்கி, குளிசை போட்டால் விசுவாசக் குறைவு ஆகாதா என்று கேட்டேன்.

"நீங்க ஜெபம் பண்ணுங்க, நானும் தொழுறேன். குளிசய நிப்பாட்டாமக் குடிங்க. உபவாசம் மட்டும் இப்ப வேணாம்."

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவ அடுப்பை அணைத்துவிட்டு வந்தா. பிறகுதான் சொன்னா, யுத்தத்தில் இடம்பெயர்ந்து வந்த வருடம் அப்பாவும் இப்படி ஒரு வருடம் படுத்துக் கிடந்தாராம். கேட்டவர்களுக்கெல்லாம் தலையிடி என்று சொன்னார்களாம். அப்பாவும் எதற்காகவோ ஏங்கிக் கிடந்திருக்கிறார், அவரைக் கூட்டிக்கொண்டு போக ஒரு டிரோன் இருக்கவில்லை. அதை நினைத்து அழுதேன். அந்த முறை அது வெறும் தண்ணீர் இல்லை.

பாஸ்டரிடம் போகத்தான் பயமாக இருந்தது. கேட்டு முடித்ததும் அவர் எழுந்து என் பக்கத்தில் வந்து இருந்தார். "தம்பி, நான் உம்முடைய உபவாசத்தைப் பார்த்தனான், உம்மைப் பார்க்கேல்லை. மன்னியும்." அடுத்த ஞாயிறு, என் பெயரைச் சொல்லாமல், மேடையில் இந்த நோயைப் பற்றி வெளிப்படையாகக் கதைத்தார்.

இரத்தப் பரிசோதனையில் பிழை ஒன்றும் இல்லை. குளிசை உடனே வேலை செய்யவில்லை. முதல் கிழமைகளில் வாய் காய்ந்தது, விட்டுவிடலாமா என்று இருந்தது. கிழமைக்கு ஒருமுறை ஆலோசகர் ஒருவரோடும் கதைத்தேன். ஐந்தாவது கிழமை, ஒரு செவ்வாய். அலுவலகத்தில் பதினொரு மணி இருக்கும். பக்கத்து மேசைக்காரர் தன் சோத்துப் பார்சலைச் சும்மா திறந்து பார்த்தார். வாழையிலையில் சூடு பட்ட மணம், பருப்பு, கருவாட்டுப் பொரியல். என் வயிறு சத்தம் போட்டது. அவருக்கே கேட்டது. "மல்லி, படகினித?" என்று சிங்களத்தில் சிரித்தார். பசிக்குதா தம்பி என்று கேட்கிறார். ஓம், பசிக்கிறது. என் தேவனே, எனக்குப் பசிக்கிறது. அவருடைய சோற்றில் பாதியை நான் தின்றேன்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்னும் குளிசை போடுகிறேன். ஜெபத்தில் அந்தப் பழைய சூடு சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. வராத நாளில் அதற்காக ஏங்குகிறேன். அந்த ஏக்கமே அவர் தந்தது என்று இப்போது எனக்குத் தெரியும், ஏனென்றால் ஏங்கக்கூட முடியாத இடத்தில் நான் இருந்திருக்கிறேன்.

இதை வாசிக்கிற சகோதரனே, சகோதரியே, உங்களையும் யாராவது பக்திமான் என்று புகழ்ந்துகொண்டிருக்கலாம், உள்ளே நீங்கள் காய்ந்துகொண்டிருக்கலாம். ஆண்டவரை நம்புங்கள். அவர் வைத்தியரின் கையாலும் தொடுகிறவர். இன்றைக்கே ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். தனியே போகப் பயமென்றால் சபையில் என்னைக் கேளுங்கள். கிளினிக் வரிசை நீளம், காத்திருக்க வேண்டும். நான் பக்கத்தில் இருக்கிறேன். நிறையக் கதைப்பேன், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.