அண்ணனின் ட்ரில்லைப் பேட்டரிக்கு மாற்றியது

ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது அண்ணி என் கடைக்கு வந்தார். பென்னாகரத்தில் பயிருக்கு மருந்தடிக்கும் மிஷின்களை ரிப்பேர் செய்கிற கடை என்னுடையது. அவர் கையில் ஒரு யூரியா சாக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருடமாக அது அவர்கள் வீட்டுப் பரணில் எந்த மூலையில் கிடந்தது என்பதுகூடத் தெரியும்.

“பட்டுப்புழு ஷெட்டுல ஸ்டேண்டு அடிக்கணுங்க தம்பி. இரும்புல நெறைய ஓட்டை போடணும். இத பேட்டரியில ஓடற மாதிரி மாத்திக் குடுங்க,” என்றார்.

“பேட்டரியில புதுசே வருதுங்க அண்ணி. கடையில கெடைக்குது.”

“புதுசு எனக்கெதுக்கு? மம்முட்டிக்கு, அருவாளுக்கு, மருந்து மிஷினுக்கு, எல்லாத்துக்கும் வருசா வருசம் பொட்டு வெக்கறன். இத மட்டும் சாக்குல கட்டி மேல போட்டு வெச்சிருக்கறன். இதுவும் நம்ம வூட்டுல வேல செஞ்சதுதான? ஆனா கரண்டுல மட்டும் சொருவ வுட மாட்டன்.”

அது அண்ணனின் ட்ரில் மிஷின். அதைப் பிடித்தபடிதான் அண்ணன் இறந்தார். பழைய மிஷின், பாடியில் கரண்டு பாய்ந்துவிட்டது என்று ஊர் சொன்னது. அண்ணியும் அப்படித்தான் நம்பினார். அது முழு உண்மை இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அண்ணி என்னை வாசலில் சேர்க்க மாட்டார், அண்ணனின் பிள்ளைகள் என் முகத்தில் விழிக்க மாட்டார்கள் என்கிற பயம்தான். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிணற்று மோட்டாருக்கு வரும் லைனில் மூன்று பேஸ் உண்டு, நியூட்ரல் கிடையாது. அங்கே ஒரு பல்பு எரிய வேண்டும், சின்ன மிஷின் ஓட வேண்டும் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு வழி வைத்திருக்கிறோம். ஒரு பேஸை எடுத்துக்கொண்டு, நியூட்ரலுக்குப் பதிலாக மண்ணில் அடித்த எர்த் கம்பியைக் கொடுத்துவிடுவோம். மண் காய்ந்திருந்தால் மிஷின் சுணங்கும். கம்பியைச் சுற்றி ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் வேகம் எடுக்கும். இது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் செய்வார்கள். ட்ரில்லின் ஒயருக்குள் நியூட்ரல் தனி, பாடிக்கு வரும் எர்த் தனி. இரண்டும் மண்ணுக்குத்தானே போகப்போகிறது என்று இரண்டையும் ஒன்றாக முறுக்கி அந்தக் கம்பியில் கட்டினேன். நான் கெட்டிக்காரன் என்று ஊரில் பேர்.

காலை பத்து மணி இருக்கும். அண்ணன் மோட்டார் ரூமுக்குள் இரும்புக் கதவு நிலையில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். ஈரத் தரை, வெறுங்கால். எர்த் கம்பி ரூமுக்குப் பின்னால் இருந்தது.

“ஸ்பீடே இல்லடா. எர்த்துக்குத் தண்ணி ஊத்து,” என்று உள்ளிருந்து கத்தினார்.

ஊற்றினேன். போதவில்லை. கம்பி துருப்பிடித்திருக்கிறது, சுரண்டினால் சரியாகும் என்று தோன்றியது. அவரிடம் ஒன்றும் சொல்லாமல், பிளாஸ்டிக் உறையைப் பிடித்து, முறுக்கிய ஒயரை அப்படியே கம்பியிலிருந்து கழற்றினேன். மிஷின் நின்றது. கழற்றினால் நிற்கத்தானே செய்யும்? செருப்புக் காலோடு குந்தி உட்கார்ந்து, நிதானமாகத் துருவைச் சுரண்டினேன். மண்ணுக்குப் போக வழியில்லாத கரண்டு அந்த நேரம் முழுக்க, நான் போட்ட முறுக்கு வழியாகவே மிஷினின் பாடிக்குத் திரும்பி வந்து, அண்ணன் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒயரை மறுபடி சுற்றினேன். மிஷின் ஜோராக ஓடியது. கை எடுத்தாலும் நிற்காமல் ஓட அதில் ஒரு லாக் பொத்தான் உண்டு, அதைப் போட்டு வைத்திருந்தார். என்ன வேகம் பார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். செய்த தப்பைக்கூட ஒரு நாள் ஜீரணித்துவிடலாம். அப்படிச் சந்தோஷமாக நின்றிருந்ததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் என்னை விடவில்லை. மிக்ஸி ஓடும்போது ஒன்றும் ஆகாது. நின்றால்தான் கஷ்டம். மறுபடி ஓடும்வரை மூச்சு விட முடியாது.

“மிக்ஸிய ஓட்டறதா, நிறுத்தறதா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க,” என்று என் மனைவி சலித்துக்கொள்வாள். அவளிடமும் நான் சொன்னதில்லை.

மிஷினைப் பிரித்தேன். கரண்டு ஒயரை அடியோடு வெட்டி எறிந்தேன். பழைய மோட்டார் பாகங்களை எடுத்துவிட்டு, தருமபுரியில் ஒரு பன்னிரண்டு வோல்ட் மோட்டார் வாங்கிவந்தேன். பழைய கியரில் அது உட்காரவில்லை, லேத்தில் கொடுத்து நடுவில் ஒரு துண்டு கடைந்து வாங்கினேன். பேட்டரிக்கு மருந்தடிக்கும் மிஷினில் இருப்பதையே போட்டு, தோளில் மாட்ட வார் வைத்தேன். பழைய சுவிட்ச் பேட்டரிக்குத் தாங்காது, சூடாகிவிடும் என்று அதையும் மாற்றினேன். அது எனக்கு நானே சொல்லிக்கொண்டது. லாக் பொத்தான் இல்லாத சுவிட்ச்தான் வேண்டும் என்று நாலு கடை ஏறி இறங்கினேன்.

மோட்டார் புதிது, சத்தமும் புதிதாக இருக்கும் என்று நம்பி அழுத்தினேன். அதே சத்தம். சத்தம் மோட்டாரில் இல்லை, நான் மாற்றாமல் விட்ட கியரில் இருந்திருக்கிறது. தொழில் தெரிந்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லை. கிரீஸை அள்ளி அடைத்துப் பார்த்தேன், குறையவில்லை. மூடியின் திருகாணியைப் போட அரை மணி நேரம் ஆயிற்று.

பூஜைக்கு முதல் நாள் காலை ஷெட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேட்டரியைத் தோளில் மாட்டிக்கொண்டு அண்ணியே முதல் ஓட்டையைப் போட்டார். பாதியில் பிட் சிக்கி மிஷின் நின்றது. விரலை எடுத்து, சரிசெய்து, மறுபடி அழுத்தினார். ஓடியது. நான் மல்பெரித் தழைக் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

“அண்ணி, அன்னைக்கு எர்த்து ஒயர நான்தாங்க கழட்டுனேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். கழற்றியது, நின்றது, சுரண்டியது, சுற்றியது, ஓடியது. அண்ணி பேட்டரியை இறக்கி வைத்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்திருந்தேன்.

“நின்னு ஓடுச்சே, அது நீங்க ஒயர சுத்துனதாலயா?”

“ஆமாங்க.”

“அவரு ஓட்டலையா?”

“இல்லீங்க அண்ணி. அதுக்கு முன்னாடியே போயிட்டாரு.”

பிறகு அவர் சொன்னார். மோட்டார் ரூம் வீட்டுக் கொல்லையை ஒட்டித்தான் இருந்தது, அன்று சமையல்கட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். மிஷின் நின்றதும் வேலை முடிந்தது என்று களியை எடுத்துத் தட்டில் போட்டிருக்கிறார். மறுபடி ஓடியதும் எரிச்சல் வந்துவிட்டது. கொல்லைக் கதவில் நின்று, “அந்த மிஷினயே கட்டிக்கிட்டுச் சாவுய்யா,” என்று கத்தியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் என் அலறல் கேட்டிருக்கிறது. தன் வாய் வார்த்தைதான் பலித்தது, அதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் அவர் செத்தார் என்று மூன்று வருடம் இருந்திருக்கிறார்.

“அப்ப நான் சொன்னது அவரு காதுல வுழல,” என்றார். இன்னொரு தடவையும் அதையே சொன்னார். அதன் பிறகு முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். துக்க வீட்டில்கூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

அழுது ஓய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“கழட்டறப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லியிருக்கலாங்க அண்ணி,” என்றேன்.