சேது அண்ணாவின் கட்டைக்கு ஒரு துளை

தேக்கில் புதிதாகப் போட்ட துளைக்குள் உடனே விரலை விட்டால் சுடும். அப்பா துளை போட்டு முடித்து நிமிர்வதற்குள் நானும் சேது அண்ணாவும் விரலை நீட்டிக்கொண்டு நிற்போம், யார் முதலில் என்று சண்டை வரும், "மரம் எங்கேயும் ஓடிப் போயிடாது, மெதுவா" என்று அப்பா அதட்டுவார். வாரம் முழுக்க மைசூரில் ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தச்சராகிவிடுகிற அவரிடம் கையால் சுற்றும் துளைக்கருவி ஒன்று இருந்தது. பக்கத்தில் பல்சக்கரமும் கைப்பிடியும், முனையில் மூன்று இரும்புப் பற்கள். துளைக்கிற முறுக்குக் கம்பியான பிட்டை உள்ளே விட்டுத் திருகினால் மூன்றும் சேர்ந்து கவ்விக்கொள்ளும். பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுகிற எங்கள் வீட்டில் அதற்குப் "பைரிகெ" என்று பெயர்.

சேது அண்ணாவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஒன்பது. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் அவனுடைய வலது கால் சூம்பிப் போயிருந்தது. அப்பா செய்து கொடுத்த "கக்கத்துக் கட்டை"யை ஊன்றித்தான் நடப்பான். அவன் வளர வளர அதன் அடிக்கால் துண்டை மாற்றி, துளை போட்டு, ஆணி முடுக்கித் தர வேண்டும். சுதந்திரம் வந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்த அந்தத் தசராவுக்குச் சற்று முன்னால் பழைய துண்டு பிளந்துவிட்டது. புதிய துண்டை இழைத்துத் தயார் செய்த அப்பா, துளையை மட்டும் விஜயதசமி காலைக்கென்று விட்டுவைத்தார். "நல்ல நாள், அஞ்சு நிமிஷ வேலை" என்றார்.

அன்று சாயங்காலம்தான் "ஜம்பூ சவாரி", யானைமேல் மகாராஜா வருகிற ஊர்வலம். அதற்கு முந்தைய வருஷம் அப்பா அண்ணாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியிருந்தார். அதைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் அவனைக் "கூசு" என்று, கன்னடத்தில் கைக்குழந்தையைச் சொல்வதுபோல, மாதக்கணக்கில் கூப்பிட்டார்கள். இந்த வருஷம் தரையில் நின்று பார்ப்பதாக எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான்.

ஆயுத பூஜையன்று கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைக்கிற வேலையை அம்மா எனக்குக் கொடுத்தாள். ரம்பத்துக்கும் உளிக்கும் பொட்டு வைத்த கையோடு பைரிகெயை எடுத்தேன். அண்ணாவுக்காக நாளைக்கு உழைக்கப் போகிறது என்று அதன்மேல் எனக்கு அலாதிப் பிரியம் வந்துவிட்டது. பற்களை விரித்து, உள்ளே கெட்டிச் சந்தனத்தை விரலால் அப்பி, பல்லுக்கு ஒன்றாக மூன்று அட்சதை அரிசியும் ஊட்டி, மூடி, மேலே ஒரு பூவைச் செருகினேன்.

மறுநாள் காலை அப்பா பிட்டை மாட்டிச் சுற்றினார். பல்சக்கரம் சுழன்றது, பிட் நின்ற இடத்திலேயே நின்றது. பிட்டைக் கழற்றித் துடைத்தார், இன்னும் இறுக்கினார், துணியைச் சுற்றிச் செருகினார். ஒவ்வொரு முறையும் வழுக்கியது. "உள்ளே பல்லைத் தாங்கற ஸ்பிரிங் போயிடுத்து" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். பக்கத்துத் தெருத் தச்சர் பூஜையில் வைத்த கருவிகளை நாளைக்குத்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். அப்பா கம்பியைப் பழுக்கக் காய்ச்சிச் சுட்டும் பார்த்தார், தேக்கில் கரி ஏறியதே தவிர வழி பிறக்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு எல்லாம் தெரியும். அப்பாவின் கோபத்துக்குப் பயந்து நான் பேசாமல் இருந்தேன்.

"தூக்கிண்டு போறேன், வாடா."

"வேண்டாம்ப்பா. நீங்கள்ளாம் போய்ட்டு வாங்கோ."

யாரும் போகவில்லை. இரண்டு தெரு தள்ளி பேண்டு வாத்தியம் கேட்டபோது அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, புது ஸ்பிரிங் வாங்க மாதிரி வேண்டுமென்று அப்பா பைரிகெயைக் கழற்றித் தட்டினார். காய்ந்த சந்தனக் கட்டியும் மூன்று அரிசியும் அவர் உள்ளங்கையில் விழுந்தன. என்னை நிமிர்ந்து பார்த்தார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னப்பா ஆச்சு?" என்றான் சேது அண்ணா.

"ஒண்ணுமில்லேடா. ஸ்பிரிங் நழுவியிருந்தது" என்று அப்பா கையை மூடிக்கொண்டார். பைரிகெயை மறுபடி பூட்டித் துளை போட்டார். எப்போதும்போல அண்ணா விரல் நீட்டினான், நான் நீட்டவில்லை. புதுக் கட்டையை ஊன்றித் தெருக்கோடி வரை போய்த் திரும்பியவன், மூச்சு வாங்க, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான்.

அந்த மார்கழியில் வந்த விஷக் காய்ச்சல் மூன்றே நாளில் அவனைக் கொண்டுபோய்விட்டது. அவனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு மாதங்களுக்குமேல் இருந்தன, நான் சொல்லவில்லை. அப்பாவும் தம் கடைசி நாள்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் எடுத்துத் திட்டியிருக்கலாம் என்று எத்தனையோ முறை ஏங்கியிருக்கிறேன்.

அப்பா இல்லை, அந்த வீடு இல்லை, யானைமேல் மகாராஜாவும் இல்லை. போன வாரம் ஜன்னல் திரைக்குக் கம்பி மாட்ட வந்த பையனின் கையில் பேட்டரியில் ஓடும் துளைக்கருவி. சுவரில் வைத்து அழுத்தினான், பிட் சுற்றாமல் வழுக்கியது. பற்களை விரித்தான், தட்டினான், ஊதினான். "உள்ள தூசிம்மா, அவ்ளோதான்" என்று மறுபடி மாட்டித் துளைக்க ஆரம்பித்துவிட்டான். அந்த விஜயதசமி காலையில் நான் சொல்லியிருந்தால் அப்பாவுக்கும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும். சேது அண்ணா நின்றுகொண்டு பார்த்திருப்பான்.