ஊருக்கே ஒரு வயல்

என் அக்கா புருஷனை ஊரில் எல்லோரும் ‘வரப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். மனுஷருக்கு வாழ்க்கையில் வேறு வேலையே கிடையாது. வரப்பில் எலி வளை தோண்டினால் அடைப்பார், மண் சரிந்தால் அணைப்பார். மண்வெட்டி தோளில் இல்லாமல் கடைக்குக்கூடப் போக மாட்டார். “அத்தானுக்குப் பொண்டாட்டி நீயா, அந்த வரப்பா அக்கா?” என்று அக்காவைச் சீண்டுவேன். “வரப்புதான்டா. அதுதான் எதிர்த்துப் பேசாது” என்பாள்.

அந்த வருஷம் கதிர் முற்றுகிற நேரத்தில் ஆறு கரையை உடைத்துக்கொண்டது. பதினோரு நாள் தண்ணீர் வடியவில்லை. இருநூறு குடும்பத்து வயலும் மூழ்கி அழுகியது. என் மூன்று ஏக்கரில் நெல் கதிரிலேயே முளைத்துக் கிடந்தது.

அத்தான் வயல் மட்டும் தப்பித்தது. ஊரிலேயே தாழ்வான வயல் அதுதான். மழை வலுக்கும் முன்பே சாக்குகளில் மண் கட்டி, இடுப்புயரத்துக்கு வரப்பை ஏற்றிவிட்டார். டீசல் இஞ்சினை வைத்து ராப்பகலாக இறைத்தார். டீசலுக்கு அக்காவின் வளையல் போனது.

எல்லோரும் பயிருக்குக் காப்பீடு செய்திருந்தோம். அந்தத் தைரியத்தில்தான் ஊர் சோறு தின்றது. ஆனால் நஷ்டத்தை எப்படி அளப்பார்கள் என்று ஒரு பயலுக்கும் தெரியாது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தானே நாங்கள்! ஊருக்கு ஒரு வயலைக் கம்ப்யூட்டர் பொறுக்கி எடுக்குமாம். அதில் ஒரு சின்னச் சதுரத்தை அறுத்து எடை போடுவார்களாம். அந்த எடைதான் ஊர் மொத்தத்துக்கும் விளைச்சலாம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

அளக்க வந்த அதிகாரி, செல்போனைப் பார்த்துக்கொண்டே நேராக அத்தான் வயலில் வந்து நின்றார். சதுரம் கட்டக் கயிற்றைப் பிடித்தவன் நான். அக்கா டீ கொண்டுவந்து எங்கள் மூன்று பேருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ஊரே அழுகிக் கிடக்கு, இது மட்டும் எப்படிங்க? மேட்டு நிலமா? மேடுன்னா சொல்லுங்க, கணக்குல சேராது, இத விட்டுட்டு வேற வயல் நம்பர் எடுத்துக்கறேன்” என்றார் அதிகாரி.

இதற்குமேல் ஒரு மனுஷன் எப்படி வழி காட்டுவான்? அத்தானுக்கோ முகம் சிவந்துவிட்டது.

“மேடா? யாரு சார் சொன்னது? ஊர்லயே இதான் பள்ளம். பதினோரு நாள் கண்ண மூடாம இறைச்சிருக்கேன். மேடாம், மேடு!”

நானாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? “ஆமா சார், என் வயலவிட இது முழங்கால் அளவு பள்ளம். அத்தான மாதிரி விவசாயி இந்தச் சுத்துவட்டாரத்துலயே கிடையாது” என்று பீற்றிக்கொண்டேன்.

அதிகாரி எங்கள் இருவரையும் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். எடை போட்டபோது அத்தான் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

இரண்டு மாதம் கழித்துத் தகவல் வந்தது. எங்கள் ஊரில் விளைச்சல் வழக்கத்தைவிட அதிகம், ஆகவே யாருக்கும் இழப்பீடு கிடையாது. ஊரில் டிராக்டர் வைத்திருக்கும் டிராக்டர்காரர், அளந்த அதிகாரியைத் தேடிப் போய் விசாரித்துவிட்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் ஊர் கூடியது.

“யோவ் வரப்பு! மேடுன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வலிச்சுதா உனக்கு? ஊரு வாயில மண்ணப் போட்டுட்டியே!” என்று டிராக்டர்காரர் பாய்ந்தார். ஆளாளுக்குக் கத்தினார்கள். நானும்தான் கத்தினேன். வெட்கமில்லாமல் மற்றவர்களைவிடச் சத்தமாகவே கத்தினேன்.

“ரெண்டு பேர் அடிச்சுச் சொன்னாங்கன்னாரு அந்த ஆபீசர். கூட இருந்தவன் எவன்?” என்றார் டிராக்டர்காரர்.

மூன்றாவது வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். பணமில்லாமல் எங்கள் மகளின் படிப்பை நிறுத்தி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அத்தான் என்னைப் பார்த்தார். சொல்லப்போகிறார், தொலைந்தேன் என்று நினைத்தேன்.

“கயிறு பிடிக்க ஆபீசர் கூட்டிட்டு வந்த ஆளு” என்றார். “யாருன்னு தெரியாது.”

“உன் மச்சான் இல்லையே?”

“மாப்ள அன்னிக்கு ஊர்லயே இல்ல.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

பாவி மனுஷா! எனக்காக வந்த பொய் அன்றைக்கு அந்த அதிகாரியிடம் வந்திருக்கக் கூடாதா? இருநூறு வீட்டில் அடுப்பு எரிந்திருக்குமே!

அடுத்த நடவுக்கு அவர் வயலில் இறங்க ஓர் ஆள் வரவில்லை. நானும் போகவில்லை. போனால் ஊருக்குச் சந்தேகம் வருமே. அவரும் அக்காவும் மட்டுமே இரண்டு ஏக்கரையும் நட்டார்கள். பக்கத்து வயலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு தடவைகூட நிமிரவில்லை.